இடப்பக்கத்துத் துரு

ஆயுதபூஜை அன்று மதியம் குரும்பகரத்திலிருந்து திரும்பிய முத்தமிழ், செருப்பைக் கழற்றக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். கையில் அப்பா வீட்டில் கொடுத்தனுப்பிய பொரிப் பை இருந்தது. கூடத்தில் சாமி படங்களுக்கு முன்னால் வாழையிலை விரித்து, அவள் கணவன் சிலம்பரசனின் ஸ்பானர்கள், மாமியார் காசியம்மாவின் அரிவாள்மனை, புதுச்சேரி விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் மகள் நிலா விட்டுப்போயிருந்த புத்தகங்கள், ஸ்கூட்டர் சாவி எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில் கப்பல் இருந்தது.

ஓர் அடிக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள சாம்பல் நிறப் போர்க்கப்பல். அதன் மூக்கில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். இரண்டு புகைபோக்கிகளுக்கும் பொட்டு வைத்திருந்தது. முன்பீரங்கியின் இரட்டைக் குழல்களுக்கு நடுவே ஒரு சாமந்திப் பூ. கப்பலுக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம், பின்னால் ஒன்று. கொடிமரத்திலிருந்து ஓடிய மயிரிழைக் கம்பிகள் அறுந்து தொங்கின. ஆனால் அவள் கண் அங்கே போகவில்லை. கப்பலின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பளபளவென்று இருந்தது. ஒரு கறை இல்லை.

சிலம்பரசன் குளித்துப் புது வேட்டி கட்டியிருந்தான். அவள் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவன், சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ரொம்ப நேரம் யோசித்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு, பாராட்டுக்குக் காத்திருப்பவன் குரலில், “காலையிலேர்ந்து இதான் வேல. பல்லு வெளக்குற பிரஷ்ஷாலயே எல்லாத்தயும் எடுத்துட்டேன். ஒரு பொட்டு துரு இல்ல, பாரு” என்றான்.

அதிர்ச்சி என்றால் அலறல் என்று கதைகளில் படிக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது. முத்தமிழ் செருப்பைக் கழற்றினாள். பொரிப் பையை அடுக்களைக்குக் கொண்டுபோய், பொரி நமத்துவிடாமல் டப்பாவில் கொட்டி, மூடியை இறுக்கினாள். கையைக் கழுவினாள். ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு, அதைக் குடிக்காமல் மேடையில் வைத்தாள். காது அடைத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் காசியம்மா ஏதோ கேட்பது, அடுத்த தெருவில் யாரோ பேசுவதுபோல் கேட்டது.

முத்தமிழ் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைவாளர். வடிகால், சிறுபாலம், மதகு என்று வேலைக்கு வரும் எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுபவள். தருமபுரத்தில் வீடு. நாற்பதைத் தாண்டிய வயது. அலுவலகத்தில் அவளைக் கொஞ்சம் பயத்தோடுதான் அணுகுவார்கள். ‘சுமாராக இவ்வளவு’ என்று யாராவது சொன்னால், சுமார் என்றால் எவ்வளவு என்று கேட்பவள் அவள். கெட்டிக்காரி என்பதைவிடப் பிடிவாதக்காரி என்பதே சரி. இரண்டும் ஒன்றல்ல. பிடிவாதம் பல வேளைகளில் பயனில்லாத இடத்திலும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

அந்தக் கப்பல் வீட்டுக்குள் வந்ததே அப்படித்தான். அவள் தம்பி மாறன் கனடாவில், ஹாலிஃபாக்ஸ் என்ற துறைமுக நகரத்தில் வெல்டராக இருக்கிறான். போன முதல் வருடமே தீபாவளிக்கு ஒரு பார்சல் அனுப்பினான். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சேர்த்தால் கப்பலாகும் ஒரு பெட்டி. அக்கா வரைகிறவள், இதெல்லாம் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறான். கூடவே, அந்த நாட்டின் வேறொரு நகரத்தில் அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கும் கனடா நாட்டு நாசகாரிக் கப்பல் ஒன்றின் படத்தையும் போனில் அனுப்பி, இதுதான் அது என்று எழுதியிருந்தான்.

அது இதுவல்ல. பெட்டிக்குள் இருந்தது பிரிட்டிஷ் கப்பல். இரண்டும் ஒரே வகைதான், ட்ரைபல் என்ற பெயர் கொண்ட வகை. ஒரே மூலப்படத்திலிருந்து இரண்டு கடற்படைகளுக்கும் கட்டியவை. ஆனால் படத்திலிருந்த கப்பலின் கொடிமரம் மின்சாரக் கோபுரம்போல் பின்னலாக நின்றது. பெட்டியிலிருந்தது மூன்று கால் மரம். பீரங்கிகள் வேறு, பின்தளத்தில் இருந்தவை வேறு. முத்தமிழ் தம்பியைக் கூப்பிட்டுத் தப்பான கப்பலை அனுப்பியிருக்கிறாய் என்றாள். ஒரே கப்பல்தான் அக்கா, பேர் மட்டும்தான் வேறு என்று அவன் சொன்னான். அந்தப் பதிலை அவளால் தாங்க முடியவில்லை. பெட்டியிலிருந்த கொடிமரத்தை ரம்பத்தால் அறுத்தாள். பித்தளைக் கம்பியைப் பற்றவைத்துப் பின்னல் மரம் செய்ய ஆரம்பித்தாள். முதல் கப்பல் பாழாயிற்று. இரண்டாவது, பார்ப்பவர்களுக்கு நன்றாக இருந்தது, அவளுக்கு இல்லை. அதைக் காசியம்மா கொலுவில் தெப்பக்குளத்தில் மிதக்க விட்டாள். இலையில் பொட்டோடு இருந்தது மூன்றாவது.

இந்திய நாட்டுக் கப்பலைச் செய்யலாமே, கனடாக்காரன் கப்பல் உனக்கு எதற்கு என்று கேட்காத ஆளில்லை. தவறு ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது, அதைத் திருத்தப் போய் அதற்குள்ளேயே குடியேறிவிட்டாள், அவ்வளவுதான்.

குடியேறிய பிறகு ஒன்று புரிந்தது. கப்பல் என்று ஒன்று கிடையாது. குறிப்பிட்ட ஒரு நாளின் கப்பல்தான் உண்டு. ஒவ்வொரு முறை பழுதுபார்க்கப் போகும்போதும் ஏதோ ஒன்றை வெட்டுகிறார்கள், ஏதோ ஒன்றைப் பொருத்துகிறார்கள், வண்ணம் மாறுகிறது. எந்த நாள் என்று முடிவு செய்யாமல் ஓர் ஆணியைக்கூடச் சரியான இடத்தில் வைக்க முடியாது. எந்த நாளைச் செய்வது என்று அவள் திணறியபோதுதான் மாறன் கோர்டனைப் போனில் காட்டினான்.

கோர்டன் மாறனின் வீட்டுக்காரர். வீட்டின் அடித்தளத்தில் மாறனுக்கு ஓர் அறை விட்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். மீசை முளைத்த வயதில் அந்த வகைக் கப்பல் ஒன்றில், அது ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களில் மாலுமியாக இருந்திருக்கிறார். பீரங்கிக்காரரோ அதிகாரியோ அல்ல. கரைக்கு வந்ததும் கப்பலின் பக்கத்தில் பலகை கட்டித் தொங்கி, துருவைச் சுரண்டி வண்ணம் அடிக்கும் ஆட்களில் ஒருவர். இடப்பக்கம் அவர் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், அங்கே அது காலை, போனைக் கண்ணாடித் தம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு முத்தமிழ் கையில் தூரிகையோடு உட்காருவாள். அன்று காலை என்ன சாப்பிட்டோம் என்பது கோர்டனுக்கு நினைவிருக்காது. ஆனால் ஒரு வசந்த காலத்துப் பிற்பகல் நினைவிருந்தது. வெகுநாள் கடலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்த நாள். கப்பலைத் துறையில் கயிற்றால் கட்டிய பிறகு அவர் கரையில் இறங்கி நின்று, தன் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். நங்கூரத்துக்குக் கீழே ஓடிய துரு, சமையலறைக் குழாய்க்குக் கீழே மஞ்சளாக வழிந்த எண்ணெய்ப் பிசுக்கு, ஓரிடத்தில் யாரோ கை வைத்துத் துடைத்ததுபோல் ஒரு செம்மை. எல்லாமே மறுநாள் அவர் சுரண்ட வேண்டியவை. அதனால்தான் பார்த்தாராம். மற்றவர்களுக்கு அது துரு, எனக்கு அது நாளைய வேலை என்று அவர் சொன்னபோது, முத்தமிழ் மொழிக்காக ஒரு கணம் தடுமாறி, பிறகு தலையசைத்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் தீட்டினாள். அந்த ஒரு பிற்பகலின் கப்பல் அவள் கையில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதுவது அலுவலகம், இது வேறு என்று இருந்தாள். படம் எடுக்கவும் இல்லை. முடியாத கப்பலைப் படம் எடுத்தால் பிறகு படத்தைத்தான் பார்ப்போம், கப்பலைப் பார்க்க மாட்டோம் என்பது அவள் கொள்கை. கொள்கைகள் நல்ல நாளில் அழகாகத்தான் இருக்கின்றன.

ஆடி மாதத்தில் கோர்டன் இறந்துபோனார். கப்பல் அநேகமாக முடிந்திருந்தது. நவம்பரில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள் அங்கே உண்டு. அன்று பழைய மாலுமிகள் கூடும் மண்டபத்தில் அப்பாவின் கப்பலை வைக்க வேண்டும் என்று கோர்டனின் மகள் மாறனிடம் கேட்டிருந்தாள். மாறன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் விமானம் ஏறும்போது கையோடு எடுத்துப் போவதாக ஏற்பாடு. முத்தமிழோ, அவர் இறந்த பிறகு கப்பலைத் தொடவில்லை. அது அலமாரி மேல் பல வாரம் சும்மா இருந்தது.

அங்கேதான் தப்பு நடந்தது. சிலம்பரசன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஃபிட்டர். நிலக்கரியை ஏற்றிச் செல்லும் பட்டைகளையும் கிரேன்களையும் பழுதுபார்க்கிற வேலை. அவனுக்கு உலகம் இரண்டு வகை, துருப்பிடித்தது, இனிமேல் துருப்பிடிக்கப் போவது. கடலோரத்து ஊரில் அது பெரிய மிகையும் அல்ல. அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து குளிர்பெட்டியின் கால்வரை உப்புக் காற்று தின்றுகொண்டுதான் இருந்தது. ஆயுதபூஜைக்கு முன்னால் கிரேன்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, துருவைச் சுரண்டி, கிரீஸ் போட்டுச் சந்தனம் வைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அழுக்கோடு ஓர் ஆயுதத்தைப் பூஜையில் வைப்பது அவனைப் பொறுத்தவரை, அந்த ஆயுதத்தைப் பட்டினி போடுவது. சாம்பல் வண்ணத்துக்கு அடியில் இருப்பது பிளாஸ்டிக் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை, அவள் கை அதை அவ்வளவு இரும்பாக்கியிருந்தது.

அன்று மதியம், முத்தமிழ் அடுக்களையிலிருந்து திரும்பி வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்த பிறகு, அவனே மெல்லக் கேட்டான். “என்ன முத்து, புடிக்கலயா? கம்பி ரெண்டு அந்துபோச்சு, தெரியும். அத நீ போட்டுருவ.”

“கம்பி இல்லங்க.”

“அந்தத் தாத்தா போனதுலேர்ந்து நீ தொடவே இல்ல. உப்புக் காத்து தின்னுட்டு. வெளியூருக்குப் போற பொருளு, இப்புடியேவா அனுப்புறதுன்னுதான் நான்...”

“அது துரு இல்ல” என்றாள். “நான் வரஞ்சது.”

சிலம்பரசனுக்கு அந்த வாக்கியம் உள்ளே இறங்க நேரமானது. கப்பலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். துருவையா வரைந்தாய் என்று கேட்டான். ஆமாம் என்றாள். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். திரும்பி வரும்போது கையில் அந்தப் பழைய பிரஷ் இருந்தது. அதன் குச்சங்கள் செம்பழுப்பாக இருந்தன. அதை அவளிடம் கொடுப்பதா, ஒளிப்பதா என்று தெரியாமல் நின்றான்.

காசியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நம்மூட்டுக் கேட்டுல உள்ள துருவச் சொரண்ட வருசக்கணக்கா ஆளு தேடுறோம். இவ கடையில வாங்கிப் பூசியிருக்கா” என்றாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே திகைத்துப் போயிருந்தாள்.

முத்தமிழ் கப்பலை எடுக்கக் கை நீட்டினாள். காசியம்மாவின் குரல் இப்போது மாறியது. “பூசையில வச்சதத் தொடாத. காலையில மறுபூச பண்ணிட்டு எடுத்துக்க.” முத்தமிழ் சாமி விஷயத்தில் பெரிய நம்பிக்கைக்காரி அல்ல. ஆனாலும் கை நின்றது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது என்பது அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து உடம்பில் ஊறிய வழக்கம். அன்று அது அவளுக்கு ஒரு வசதியாகவும் இருந்தது. தொடாதவரை எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. விளக்கு வெளிச்சத்தில் இடப்பக்கம் அவளுக்குத் தெரியாதபடி கப்பல் திரும்பியிருந்தது. அப்படியே விட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாறன் குரும்பகரத்திலிருந்து வந்தான். அப்பாவின் டிராக்டருக்குப் பூசணிக்காய் உடைத்த கதையோடு உள்ளே நுழைந்தவன், கூடத்தில் யாரும் பேசாமல் இருப்பதைப் பார்த்து அடங்கினான். விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்துத் தேடினான். வந்த புதிதில் கப்பலை அவன் சில படங்கள் எடுத்திருந்தான். எல்லாம் வலப்பக்கம். ஒன்றில் பாதிக் கப்பலை அவன் கட்டைவிரல் மறைத்திருந்தது. வலப்பக்கத்துக் கறைகளைப் பற்றிக் கோர்டன் அதிகம் சொன்னதே இல்லை. அது வேறு ஒருவரின் பக்கம். அதை முத்தமிழ் பழைய படங்களைப் பார்த்துத்தான் செய்திருந்தாள். அதை மறுபடியும் செய்யலாம். இடப்பக்கம் கோர்டனிடம் மட்டும் இருந்தது. பிறகு அவள் கப்பலில் மட்டும் இருந்தது.

மாறன் நல்ல பையன். ஆறுதல் சொல்ல முயன்றான். இப்படியே கொண்டுபோகிறேன், சுத்தமாக இருந்தால் அங்கே சந்தோஷம்தான் படுவார்கள், அவர்களுக்கு எது என்ன என்று தெரியப்போகிறது என்றான்.

“கோர்டனுக்குத் தெரியும்” என்றாள் முத்தமிழ்.

“அவருதான் இல்லையேக்கா.”

இல்லாத ஒருவருக்குத் தெரிவது எப்படி என்று கேட்டால் அவளாலும் சொல்ல முடிந்திருக்காது. ஒரு பிற்பகலை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து, தன் கையில் வைத்துவிட்டுப் போனார். அதை இப்போது கீழே போட்டுவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவர் மகளின் முன்னால், அவரோடு பலகையில் தொங்கியவர்களில் யாராவது மிச்சமிருந்தால் அவர்கள் முன்னால், சுத்தமான ஒரு பொய்யை வைக்கப் போகிறோம் என்பதும் தெரிந்தது.

கதவோரத்தில் உட்கார்ந்திருந்த சிலம்பரசன் தயங்கித் தயங்கிப் பேசினான். “முத்து, தப்பா நெனக்காத. அந்தத் தாத்தா வேலையும் இதான? அவரும் அத மறுநாளு சொரண்டிதான எடுத்தாரு?”

அவன் சமாதானமாகத்தான் சொன்னான். ஆனால் மதியத்திலிருந்து உள்ளே அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அப்போதுதான் முத்தமிழுக்கு வெளியே வந்தது. குரலை உயர்த்தவில்லை.

“எடுத்தாரு. எடுத்துட்டு அறுவது வருசம் கழிச்சு எங்க எது இருந்துச்சுன்னு சொன்னாரு. நீங்களும்தான் எடுத்தீங்க. எங்க, சொல்லுங்க பாப்பம்.”

காயப்படுத்தத்தான் சொன்னாள். சிலம்பரசன் தலையைக் குனிந்துகொண்டான். காசியம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று சுண்டல் யாருக்கும் இறங்கவில்லை.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகு முத்தமிழ் கப்பலைத் தூக்கினாள். ஈரப் பஞ்சால் குங்குமத்தை எடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், முதல்முறையாக இடப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்ததைவிட மோசம். ஒரு நிழல்கூட மிஞ்சவில்லை. அடி வண்ணம் இவ்வளவு உறுதியாக இருந்ததே என்று ஒரு கணம் பெருமையாகவும் இருந்தது, அந்தப் பெருமை அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

உட்கார்ந்து தூரிகையை எடுத்தாள். நங்கூரத்துக்குக் கீழே ஓடியது அவளுக்குத் தெரியும், கை தானாகப் போயிற்று. சமையலறைக் குழாயும் வந்தது. அதற்குப் பின்னால் நடுப்பகுதியில் வந்ததும் கை நின்றது. அங்கே நிறைய இருந்தன என்று தெரிந்தது. எது எங்கே என்பது கலங்கியது. கண்ணை மூடினால் கோர்டனின் முகம் தெரிந்தது, போனில் பாதி நெற்றி வெட்டுப்பட்டு. அவர் சொன்னது தெரியவில்லை. சாம்பல் பரப்பைப் பார்க்கப் பார்க்க அது மேலும் காலியாயிற்று.

அப்போது சிலம்பரசன் வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். “ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன்” என்றான். “சொல்லவா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நேற்று குத்துவதற்காகச் சொன்னதை அவன் கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

சும்மா அவனுக்குச் சொல்ல வரவில்லை. இடது கையை, கப்பலைத் தாங்கிப் பிடிப்பதுபோல் காற்றில் வைத்துக்கொண்டான். வலது கையில் இல்லாத பிரஷ்ஷைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டான். பின்பக்கத்திலிருந்து முன்னால் நோக்கித் தேய்க்கத் தொடங்கினான். அந்த ஒழுங்கில்தான் கழுவினானாம். பார்த்துக்கொண்டிருந்த மாறன் சிரித்துவிட்டான். “மாமா, தண்ணி வேணும்னா மொண்டுவரவா?”

“நீ வாய மூடு மாப்ள. விட்டுப்போவும்” என்றான் சிலம்பரசன், கண்ணைத் திறக்காமலே. கை நகர்ந்துகொண்டிருந்தது. “இங்க ரெண்டு ஓட்ட. கீழ ஓட்டயிலேர்ந்து கோடு மாதிரி எறங்கி, பாதியில ரெண்டா பிரியும். தவளக்கால் மாதிரி. இத எடுக்க நான் பிரஷ்ஷ இப்புடித் திருப்புனேன்.” மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான்.

அது கோர்டன் சொன்னதுதான். கோர்டன் தவளையைச் சொல்லவில்லை, வரைபடத்தில் தூரம் அளக்கும் கவராயத்தைச் சொன்னார். ஆனால் அதே பிளவு, அதே இடம். முத்தமிழ் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. சொன்னால் அவன் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கிவிடுவான் என்று பயந்தாள். தூரிகையைத் தோய்த்துத் தீட்டினாள்.

அவன் போய்க்கொண்டே இருந்தான். ஒரே இழுப்பில் போனது, பிசுபிசுவென்று ஒட்டியது, அழுத்தினால் கப்பல் உடைந்துவிடுமோ என்று பயந்து மெல்ல எடுத்தது. ஒவ்வொரு கறையையும் அதைப் போக்க எவ்வளவு பாடுபட்டான் என்பதை வைத்தே அவன் நினைவில் வைத்திருந்தான். கோர்டனும் அப்படித்தான் வைத்திருந்தார் என்பது முத்தமிழுக்கு உறைத்தபோது, கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. நேற்று அவன் செய்தது அதனால் சரியாகிவிடாது. ஆனால், கறையை வரைந்த தன்னைவிட அதைத் தேய்த்தவன் அதை நெருங்கிப் பார்த்திருக்கிறான் என்பதை மறுக்கவும் முடியவில்லை.

இரண்டாவது புகைபோக்கிக்கு நேர் கீழே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வந்ததும் சிலம்பரசனின் கை நின்றது. “இங்க ஒண்ணு. வெத்தல எச்சி துப்புன மாதிரி. கடுகத்தண்டி.”

“அங்க ஒண்ணும் இல்ல” என்றாள் முத்தமிழ்.

“இருந்துச்சு.”

“நான்தான வரஞ்சேன். எனக்குத் தெரியாதா? அங்க எதுவும் போடல.”

“நான்தான தேய்ச்சேன்” என்றான் அவன். சண்டைக்காகச் சொல்லவில்லை. கையை அதே இடத்தில் காற்றில் வைத்துக்கொண்டு, குழம்பிப்போய்ச் சொன்னான்.

அவளுக்கு ஒரு விளக்கம் தோன்றியது. புகைபோக்கியின் வாயில் கரி படிந்ததுபோல் காட்ட, சிலம்பரசனின் வேலைச் சட்டைப் பை மடிப்பில் சேரும் நிலக்கரித் தூளைத்தான் அவள் தட்டி எடுத்துப் பூசியிருந்தாள். அதில் கொஞ்சம் கீழே உதிர்ந்து ஒட்டியிருக்கலாம். அப்படியானால் அது வெறும் தூசி. கோர்டனுடையது அல்ல, அந்தப் பிற்பகலைச் சேர்ந்தது அல்ல. அதைத் தீட்டினால் பொய். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. தூள், தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். அவள் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் காயவைத்தது அப்படி ஓடாது.

“ஒண்ணு கேக்குறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள். “தண்ணி பட்டதும் போச்சா, தேய்ச்சுப் போச்சா?”

சிலம்பரசன் மறுபடியும் கண்ணை மூடினான். இல்லாத கப்பலை இல்லாத குழாயடியில் பிடித்தான். முன்னும் பின்னும் கை போய் வந்தது. ஒரு முறை நிறுத்தினான், தலையை ஆட்டிக்கொண்டான், மறுபடியும் தேய்த்தான். பிறகு பிரஷ் பிடித்த விரல்கள் விரிந்து, கட்டைவிரல் நகம் மட்டும் வெளியே வந்தது.

“பிரஷ்ஷுக்குப் போவல” என்றான். “எல்லாத்தயும் முடிச்சுட்டுத் திரும்பி வந்து, நகத்தால சொரண்டுனேன். அதுதான் கடைசியாப் போனது.”

முத்தமிழ் அந்த வெற்றுச் சாம்பல் இடத்தைப் பார்த்தாள். அப்படியென்றால் அவள்தான் தீட்டியிருக்கிறாள். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சொல்லி, இவள் தூரிகையைத் தோய்த்து, அந்த இடத்தில் வைத்துக் காயவிட்டிருக்கிறாள். அது என்ன கறை? எங்கிருந்து வந்தது? அவர் அதைச் சொன்னபோது சிரித்தாரா? ஒன்றும் வரவில்லை. கலங்கலாகக்கூட வரவில்லை. அப்படி ஒன்று நடந்ததற்கான சுவடே அவளுக்குள் இல்லை.

நேற்று மதியம் அடுக்களையில் நின்றபோது காது அடைத்ததே, அதுகூட இப்படி இல்லை. நேற்று வேறு ஒருவர் அழித்தார். இது பிரஷ் படுவதற்கு முன்பே அவளுக்குள்ளிருந்து போயிருக்கிறது. கப்பலை யாரும் கழுவாமல் இருந்திருந்தால், அந்தக் கறையோடு அது பத்திரமாகக் கடல் கடந்து போயிருக்கும். எல்லாம் தன்னிடம் இருக்கிறது என்று அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள். இன்னும் எத்தனை அப்படிப் போயிற்றோ. அவன் கைக்கும் தட்டுப்படாமல் அவள் கைக்கும் தட்டுப்படாமல் போனது எதுவோ. அதைக் கேட்க ஆளில்லை.

சிலம்பரசன் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், தனக்குத்தான் தப்பாக ஞாபகம் இருக்கும், விட்டுவிடு என்றான்.

“இல்ல. எடத்தக் காட்டுங்க” என்று கப்பலை அவனிடம் நீட்டினாள்.

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். “நான் தொடல.”

“தொட்டாத்தான் தெரியும். தொடுங்க.”

அவன் விரல் அந்த இடத்துக்குப் பெரிது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி எடுத்துவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் நுனியை ஓரிடத்தில் வைத்தான். கொஞ்சம் நகர்த்தினான். மறுபடியும் முதலில் வைத்த இடத்துக்கே கொண்டுவந்தான். முத்தமிழ் பழுப்பும் கொஞ்சம் சிவப்பும் குழைத்து, ஈர்க்கு எடுபட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்து, கடுகளவுக்கு இழுத்தாள். அவள் வாழ்க்கையில் தெரியாத ஒன்றைத் தெரியாமல் வரைந்தது அதுதான் முதல்முறை.

மாறன் குனிந்து பார்த்தான். கோர்டனின் மகள் ஒவ்வொரு கறையையும் காட்டி, அப்பா இதைப் பற்றி என்ன சொன்னார், இது என்ன என்று கட்டாயம் கேட்பாள் என்றான். “நான் என்னன்னு சொல்லட்டும்?”

“இருந்துச்சுன்னு சொல்லு” என்றாள் முத்தமிழ். வண்ணம் காயும்வரை கப்பலை அசையாமல் பிடித்திருந்தாள். “என்னன்னு எனக்குத் தெரியலன்னு சொல்லு.”